வன்னியில லேனர்ஸ் நடத்துற எல்லாருக்கும்: விடையைப் பாடமாக்க விடாதேங்கோ, றோட்டைச் சொல்லிக் குடுங்கோ

பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை, புதுக்குடியிருப்பு எண்டு வன்னி முழுக்க லேனர்ஸ், அதுதான் வாகனம் ஓடப் பழக்கிற இடம், நடத்துற அண்ணாமாருக்கும், அங்க எழுத்துச் சோதினைக்கு வகுப்பெடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

நான் விசுவமடுப் பக்கம் முன்பள்ளி ரீச்சர். வயசு 43. ஒரு மகள், தனியத்தான் சீவியம். போன வருசம் ஸ்கூட்டி ஒண்டு எடுத்தனான், அதுக்கு லைசன்ஸ் எடுக்க வந்து உங்களைப் போல ஒராளிட்டத்தான் படிச்சனான். எந்த இடம் எண்டு சொல்லமாட்டன், ஏனெண்டா அந்த அண்ணா நல்ல மனுசன், காசு பிந்திக் குடுத்தும் முகம் சுழிக்கேல்லை, பொம்பிளையள் தனிய வந்தா மரியாதையா நடத்தினவர். ஆனா அந்த வகுப்பில நடந்ததையும் பிறகு எங்கட குடும்பத்தில நடந்ததையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாக்கேக்க, இதை உங்களுக்கு எழுதாம இருக்க என்னால ஏலாமக் கிடக்கு.

முதல் நாள் ஒரு ரியூட் தந்தவை, கேள்வியளும் வீதிக் குறியீடுகளும் அடிச்ச படிப்புத் தாள். போட்டோக்கொப்பியில இருந்து எடுத்த போட்டோக்கொப்பி. கேள்வியளை ஒரு மாதிரி வாசிக்கலாம், ஆனா வீதிக் குறியீட்டுப் பக்கத்தைத் திறந்தா எல்லாம் ஒரே கறுப்பு. ஒரு வட்டம், உள்ளுக்க ஒரு படம், அந்த வட்டம் சிவப்பு வளையம் போட்டதோ முழுக்க நீலமோ எண்டு பாக்கிறவைக்குத் தெரியாது. சிவப்பு வளையம் எண்டால் செய்யக்கூடாது, நீலம் எண்டால் இப்பிடித்தான் செய்யவேணும். ஒண்டுக்கொண்டு நேர்மாறு. அந்தக் கொப்பியில ரெண்டும் ஒண்டு. நான் மூண்டு வயசு நாலு வயசுப் பிள்ளையளுக்கு நிறம் படிப்பிக்கிறனான், அடுத்த நாள் முன்பள்ளியில இருந்து கலர்ப் பென்சில் பெட்டியைக் கொண்டுபோய் என்ர ரியூட்டுக்கும் பக்கத்தில இருந்த ரெண்டு பெட்டையளின்ர ரியூட்டுக்கும் நிறம் தீட்டினன், மூலைக்குமேல நிக்கிற மஞ்சள் சதுரம் எல்லாம் முன்னுக்கு ஏதோ இருக்கு கவனம், எட்டு மூலைச் சிவப்பு எண்டால் நில், தலைகீழா நிக்கிற முக்கோணம் எண்டால் மற்றவனுக்கு வழி விடு. அரை மணித்தியாலம் ஆகேல்லை, அந்தப் பிள்ளையள் ரெண்டும் நிறத்தையும் வடிவத்தையும் பாத்தே இது என்ன வகை எண்டு சொல்லத் தொடங்கிட்டுதுகள், உள்ளுக்க இருக்கிற படம் விளங்காட்டிலும். ஒரு பெட்டி கலர்ப் பென்சில்தான் அதுக்குத் தேவைப்பட்டது.

அதுக்குப் பிறகு வந்த வகுப்புகள்ல றோட்டைப் பற்றி ஆரும் கதைக்கேல்லை. விடையைப் பற்றித்தான் கதைச்சவை. பெரிய விடையாப் பாத்துப் போடுங்கோ. 'அவதானமாக' எண்ட சொல்லு எதில இருக்கோ அதைப் போடுங்கோ. 'மேற்கூறிய அனைத்தும்' எண்டு கிடந்தா யோசிக்காமப் போடுங்கோ. வேகத்தைக் கேட்டா குறைஞ்சதைப் போடுங்கோ. வகுப்பில இருந்த எல்லாரும் கொப்பியில எழுதினம், நானும் எழுதினன். 40 கேள்வி, 30 சரி எண்டால் பாஸ், நான் 34 எடுத்தன். வீட்ட வந்து மகள் கேட்டவள், அம்மா விட்ட ஆறும் என்ன கேள்வி எண்டு. எனக்குச் சொல்லத் தெரியேல்லை. சரியாப் போட்ட 34 இல எத்தினை எனக்கு உண்மையா விளங்கிப் போட்டது எண்டதும் தெரியேல்லை. அண்டைக்கு பாஸ் எண்ட சந்தோசத்தில அதைப் பெரிசா எடுக்கேல்லை.

என்ர தங்கச்சியின்ர மகனுக்கு 19 வயசு. அவன் முறிகண்டிப் பக்கம் இருக்கிறான், வேற ஒரு லேனர்ஸில படிச்சவன், 38 எடுத்தவன். கெட்டிக்காரன், ஓஎல்லும் நல்லாச் செய்தவன். மூண்டு மாசம் எல் போட்டோட ஓடி, ஓடிக் காட்டுற ட்ரயலும் முதல் தரத்திலயே பாஸ். லைசன்ஸ் கையில வந்து கொஞ்ச மாசத்தால ஒரு பின்னேரம், பொழுது படுற நேரம், ஏ9 றோட்டில வந்து தங்கட ஒழுங்கைக்குத் திரும்ப வேணும், ஒழுங்கை வலக்கைப் பக்கம். இவன் றோட்டின்ர இடக்கைக் கரையோட வந்து, சிக்னல் லைட்டைப் போட்டிட்டு, கரையில இருந்தே நேர வலக்கைக்கு வெட்டியிருக்கிறான். பின்னால வந்த வான்காரன் இவன் கரையில போறான், பெடியன் ஒதுங்குறான் எண்டு நினைச்சு ஓவர்டேக் எடுத்திருக்கிறான். சைட் கண்ணாடி ரெண்டையும் இவன் முதலே கழட்டி வச்சவன், வடிவில்லையாம், கூட்டாளிப் பெடியள் ஒருத்தரும் போடுறேல்லையாம்.

உயிர் தப்பினது முறிகண்டிப் பிள்ளையாரின்ர புண்ணியம். வலக்கால் ரெண்டு இடத்தில முறிஞ்சு உள்ளுக்கத் தகடு வச்சு ஆறு மாசம் கட்டில்.

வாட்டில அவனுக்குப் பக்கத்தில இருக்கேக்க நான் ஏசேல்லை. ஏசுற நிலைமையில அவன் இல்லை. கஞ்சி பருக்கிக்கொண்டு சும்மா கேட்டன், தம்பி வலக்கைக்குத் திரும்புறதைப் பற்றிச் சோதினையில ஒண்டும் கேக்கேல்லையோ எண்டு. அவன் சொன்னான், "கேட்டது பெரியம்மா, நான் அதுக்குச் சரியாத்தான் போட்டனான்" எண்டு. நான் பிறகு தங்கச்சி வீட்ட போய் அவன்ர ரியூட்டைத் தேடி எடுத்துப் பாத்தன். உண்மைதான். அந்தக் கேள்வி இருக்கு, பேனையால வட்டம் போட்டிருக்கு, சரியான விடைக்குத்தான் போட்டிருக்கு, பக்கத்தில அவன்ர கையெழுத்தில "பெரிசு" எண்டு எழுதியிருக்கு. பெரிய விடை எண்டு அர்த்தம். அந்த விடைக்குள்ள என்ன எழுதியிருக்கு எண்டு அவன் ஒருக்காலும் முழுசா வாசிச்சிருக்கமாட்டான். கண்ணாடியில பின்னுக்குப் பார், சிக்னலைப் போடு, பின்னுக்கு ஒருத்தரும் ஓவர்டேக் எடுக்கேல்லை எண்டு உறுதிப்படுத்து, மெல்ல மெல்ல நடு றோட்டை அண்டி வா, எதிர வாறவனுக்கு வழியை விடு, பிறகு திரும்பு. அவ்வளவும் அந்த ஒரு விடைக்குள்ள இருக்கு.

நான் அந்த ரியூட்டை மடியில வச்சுக்கொண்டு கனநேரம் இருந்தன். இவனைக் காப்பாத்தியிருக்கக் கூடிய அஞ்சு வரி இவன்ர கையிலயே இருந்திருக்கு, இவன் வட்டமும் போட்டிருக்கிறான்.

அண்ணாமாரே, வான்காரனிலயும் பிழை இருக்கும், கண்ணாடியைக் கழட்டின இவனிலயும் பிழை இருக்கு, கழட்ட விட்ட எங்களிலயும் இருக்கு. உங்களில முழுப்பழியையும் போட நான் வரேல்லை. உங்கட நிலைமையும் எனக்குத் தெரியும். ஆக்கள் வரேக்கயே "எத்தினை நாளில பாஸாக்கித் தருவியள்" எண்டுதான் கேக்கினம். கூலிவேலைக்குப் போறவனுக்கு ஒரு நாள் வகுப்பு எண்டால் ஒரு நாள் சம்பளம் இல்லை. மெடிக்கலுக்கு ஒரு நாள், சோதினைக்கு ஒரு நாள், ட்ரயலுக்கு ஒரு நாள், எல்லாத்துக்கும் பஸ் காசு வேற. ஒருக்காப் பெயிலானா திரும்பவும் முதல்ல இருந்து அலைச்சல். அதால நீங்களும் குறுக்கு வழி சொல்லிக் குடுக்கிறியள், நாங்களும் சந்தோசமா எழுதி எடுக்கிறம். ஆனா ஒண்டை யோசியுங்கோ. 30 எடுத்தாப் பாஸ் எண்டால் பத்துப் பிழை விடலாம். எந்தப் பத்து? றோட்டில அதைத் தெரிஞ்செடுக்கிறது நாங்கள் இல்லை. ரயில் கடவை அந்தப் பத்துக்குள்ள இருந்தா என்ன செய்யிறது?

ரயில் எண்டதும் இதைச் சொல்லவேணும். எனக்கு எட்டு வயசு, 1990, அந்த வருசம்தான் வன்னிக்குள்ள ரயில் நிண்டது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்குப் போச்சு. ரயில் பாதை எண்டது மாடு மேய்க்கிற இடமாயும் பள்ளிக்கூடம் போற ஒத்தையடிப் பாதையாயும் கிடந்தது. 2013 செப்டெம்பரிலதான் கிளிநொச்சிக்குத் திரும்பவும் ரயில் வந்தது, அடுத்த வருசம் ஒக்டோபரில யாழ்ப்பாணம் போய்ச் சேந்தது. 23 வருசம். அதுக்குள்ள பிறந்து வளந்த ஒரு தலைமுறைக்கு ரயில் எப்பிடி வரும், எவ்வளவு கெதியா வரும், பிரேக் பிடிச்சா உடன நிக்குமா எண்டு ஒண்டும் தெரியாது. எங்கட பெற்றோரும் சொல்லித் தரேல்லை, சொல்லித்தர ரயில் இருக்கேல்லை. அப்பிடிப்பட்ட சனத்துக்குத்தான் நீங்கள் "புகையிரதக் கடவை, கேள்வி 22" எண்டு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போறியள்.

ஒரு நாள் வகுப்பை ஒரு ரயில் கேற்றடியில வையுங்கோ. ஏ9 ஓட சேந்து ஓடுற ரயில் பாதையில ஊர் ஒழுங்கையள் குறுக்கிடுற இடம் எத்தினையோ இருக்கு, சிலதுக்குக் கேற் இருக்கு, சிலதுக்கு ஒரு போட்டும் ஒரு மணியும்தான், அதுவும் வேலை செய்யும் எண்டு நம்பி உயிரை வைக்கேலாது. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய் பாதுகாப்பா எட்ட நிண்டு ஒரு ரயில் வாறவரைக்கும் பாக்க வையுங்கோ. தூரத்தில தெரியேக்க மெல்ல வாற மாதிரித்தான் இருக்கும். ரயில் பெரிசு எண்டபடியால எங்கட கண் அதின்ர வேகத்தைக் குறைச்சுத்தான் காட்டும். கிட்ட வரேக்கதான் நெஞ்சு பக்கெண்டும். அதைக் கண்ணால கண்டவனுக்கு "நிறுத்தி, இரு பக்கமும் பார்த்து" எண்ட வரியை ஒருத்தரும் பாடமாக்கிக் குடுக்கத் தேவையில்லை. ஹெல்மெட்டுக்குள்ள காது அடைக்கும், இஞ்சின் சத்தத்தில ஹோன் கேக்காது, அதால காதை நம்பாமக் கழுத்தைத் திருப்பிப் பார் எண்டு சொல்லுங்கோ. முன்னால போற வாகனம் அங்கால நிண்டுட்டால் நீ பாதைக்கு மேல போய் நிக்காத, உனக்கு அங்கால இடம் இருந்தால்தான் ஏறு எண்டு சொல்லுங்கோ. தண்டவாளத்துக்கு மேல வச்சு கியர் மாத்தாத எண்டு சொல்லுங்கோ.

வேகமும் அப்பிடித்தான். மோட்டசைக்கிளுக்கு ஊர்மனைக்குள்ள 50, வெளியில 70, ஆட்டோவுக்கு 40 எண்டு எல்லாரும் ஒப்பிப்பினம். 50 இல போறது எண்டால் என்ன எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு செக்கனுக்கு 14 மீற்றர். 70 இல 19 மீற்றருக்கு மேல. மாட்டைக் கண்டு மூளை விளங்கிக் கை பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் எடுக்கும், அதுக்குள்ளயே அவ்வளவு தூரம் போயிடும், பிரேக் பிடிக்கத் தொடங்கினது அதுக்குப் பிறகுதான். வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் தூரம் நாலு மடங்கு. இதைப் பலகையில எழுதினா ஒரு கணக்கு. லேனர்ஸ் முத்தத்தில ஒரு கல்லை வச்சு, 14 மீற்றர் அளந்து இன்னொரு கல்லை வச்சு, "ஒண்டு எண்டு சொல்லி முடிக்க இஞ்ச இருந்து அங்க வந்திடுவாய்" எண்டு காட்டினால் பெடியன் வாயைப் பொத்திக்கொண்டு பாப்பான். நான் முன்பள்ளி முத்தத்தில கயிறு பிடிச்சு மகளுக்குக் காட்டினனான். அவள் அண்டையில இருந்து நான் 45க்கு மேல போனாப் பின்னால இருந்து தோளில தட்டுறாள்.

இதெல்லாம் எங்கட றோட்டுக்குத்தான் கூடத் தேவை. கொழும்பு றோட்டை நினைச்சு எழுதின மாதிரித்தான் ரியூட் முழுக்க இருக்கு, ரவுண்டபோட்டில வலக்கையால வாறவனுக்கு வழி விடு, கலர் லைட்டில மஞ்சள் வந்தா என்ன செய், எல்லாம் தேவைதான், பிள்ளையள் நாளைக்கு வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஓடுவினம், தெரியத்தான் வேணும். ஆனா எங்கட ஆக்கள் நாளாந்தம் விழுறது வேற இடத்தில. மாரி காலத்தில வயல் எல்லாம் விதைச்சு ஈரமாக் கிடக்கும், மாடுகள் படுக்க இடமில்லாமத் தார் றோட்டுக்கு வரும், சூட்டுக்கு நடு றோட்டில படுக்கும். கறுப்பு மாடு, கறுப்புத் தார், எதிர வாறவன் லைட்டை டிம் பண்ணாம வாறான், கண் கூசி ரெண்டு செக்கன் ஒண்டும் தெரியாது. ரெண்டு செக்கன் எண்டால் 50 இல 28 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு ஓடினதுக்குச் சமன். அதுக்கு என்ன செய்யவேணும் எண்டு உங்கட வகுப்பில ஆராவது சொல்லித் தந்தவையோ? எதிர வாற லைட்டைப் பாக்காத, இடக்கைக் கரைக் கோட்டைப் பார், வேகத்தை முதலே குறை. மூண்டே மூண்டு வரி.

பெரும்போகம் வெட்டி முடிய மாசி பங்குனியில அரைவாசி றோட்டில நெல்லுக் காயும். நெல்லைச் சுத்திக் கல்லு அடுக்கி வைப்பினம். பின்னேரம் நெல்லை அள்ளிக்கொண்டு போவினம், கல்லுச் சில நேரம் அங்கயே கிடக்கும். இரவில ஸ்கூட்டிச் சில்லு அந்தக் கல்லில ஏறினா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும், என்ர சிநேகிதி ஒராள் அப்பிடி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சவ. மணல் டிப்பர் முன்னால போனா எவ்வளவு எட்டப் போகவேணும், அவன்ர கண்ணாடி எனக்குத் தெரியேல்லை எண்டால் நான் அவனுக்குத் தெரியேல்லை எண்டு அர்த்தம் எண்டது பாதிப் பேருக்குத் தெரியாது. முறிகண்டியில எல்லா வாகனமும் கரைகட்டி நிக்கும், தேங்காய் அடிக்க ஆக்கள் இறங்கி ஓடுவினம், கச்சான் வாங்கக் குறுக்க வருவினம், பஸ் கதவடியால பிள்ளை பாயும், அங்க எப்பிடிப் போறது எண்டும் ஒரு பாடம் இருக்கு. பாதசாரிக் கடவை எண்டு ரியூட்டில இருக்கு, சனம் இன்னும் மஞ்சள் கோடு எண்டுதான் சொல்லும், இப்ப வெள்ளையாக் கீறினாலும். அந்தப் பேரைச் சொல்லியே படிப்பியுங்கோ.

சொல்லு எண்டது சின்ன விசயம் இல்லை. எங்கட வளவுக்குப் பக்கத்தில ஒரு ஐயா இருக்கிறார், அறுபதைத் தொடப்போறார், முப்பது வருசமா லாண்ட் மாஸ்டர், அதுதான் பெட்டி பூட்டின ரெண்டு சில்லு உழவு மெசின், ஓடுறவர். பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெயில மோட்டசைக்கிள் ஓட்டினவர், ஸ்டார்ட் பண்ண மட்டும் சின்னப் போத்தில்ல இருந்து ரெண்டு துளி பெற்றோல் விட்டு. பெட்டியில நெல்லு மூட்டை, பசளை, சனம், செத்த வீட்டுச் சாமான், எல்லாம் ஏத்தினவர். இப்ப லைசன்ஸ் எடுக்கவேணும் எண்டு மகன்மார் சொல்லி வகுப்புக்குப் போனவர். ரெண்டாம் நாள் திரும்பி வந்து, "பிள்ளை, எனக்கு இது ஏலாது, அது என்ன பாசை எண்டே விளங்கேல்லை" எண்டு சொன்னவர். எழுத வாசிக்கத் தெரியும் அவருக்கு, பேப்பர் வாசிப்பார். அவருக்கு விளங்காதது "முந்திச் செல்லல்", "ஒளிச்சமிக்ஞை", "சமாந்தரமாக நிறுத்துதல்", "முன்னுரிமை வழங்குதல்". நான் பின்னேரம் குளக்கட்டுக்கு அவரோட போய், ஒரு தடியால மண்ணில றோட்டைக் கீறினன். ஐயா, முந்திச் செல்லல் எண்டால் ஓவர்டேக். முன்னுரிமை எண்டால் ஆர் முதல்ல போறது. ஒளிச்சமிக்ஞை எண்டால் கலர் லைட்டு. நடுவில ரெட்டைக் கோடு போட்டிருந்தா அதைத் தாண்டி ஓவர்டேக் எடுக்கேலாது. தீப்பெட்டி ஒண்டை லாண்ட் மாஸ்டராயும் அவர்ர வெத்திலைப் பெட்டியை பஸ்ஸாயும் வச்சு ஓட்டிக் காட்டினன். ஐயா தடியை என்னட்ட இருந்து வாங்கி, "அப்ப நான் இந்த ஒழுங்கையால வந்து மெயின் றோட்டுக்கு ஏறேக்க, இவன் வாறான் எண்டால் நான் நிக்கவேணும், என்ன" எண்டு தானே கீறத் தொடங்கிட்டார். அதுக்குப் பிறகு அவர் கேட்ட கேள்வியள் எனக்கே தெரியாதது. ரெண்டு சில்லு மெசினுக்குப் பின்பெட்டியில லைட் இல்லாட்டி இரவில எப்பிடிக் காட்டுறது எண்டு கேட்டார். அடுத்த நாளே கடையில சிவப்பு ரிப்ளெக்டர் ரெண்டு வாங்கிப் பெட்டியின்ர ரெண்டு மூலையிலயும் அடிச்சிட்டார். சோதினை இன்னும் எழுதேல்லை, ஆனா அந்த ரிப்ளெக்டர் இப்பவே வேலை செய்யுது.

அந்த ஐயாவை மொக்கு எண்டு ஆரும் சொல்லேலாது. அவருக்குத் தெரிஞ்ச சொல்லில இருந்து தெரியாத சொல்லுக்கு ஒராள் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகவேணும், அதுதான் உங்கட வேலை. சோதினைத் தாளில அந்தப் பெரிய சொல்லுகள்தான் வரும், அதால அதுகளையும் தெரியத்தான் வேணும். முதல்ல ஓவர்டேக் எண்டு சொல்லுங்கோ, பிறகு முந்திச் செல்லல் எண்டு சொல்லுங்கோ. ஒரு பக்கத்தில எங்கட சொல்லும் மற்றப் பக்கத்தில தாளில வாற சொல்லுமா ஒரு ஒற்றை அடிச்சுக் குடுத்தால் வயசு போன ஆக்கள் பயப்படாம வருவினம்.

எங்கட சனத்துக்குப் போட் வாசிக்கத் தெரியாது எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. 2010 இலயும் அதுக்குப் பிறகும் திரும்பிக் குடியேறின நேரம் வளவுக்கு வளவு மண்டையோடு போட்ட சிவப்புப் போட் நிண்டது. என்ர முன்பள்ளிப் பிள்ளையள் அ, ஆ எழுதப் பழக முதல் அந்தப் போட்டைப் பழகினதுகள். பந்து அங்கால விழுந்தா எடுக்கப் போகாதுகள், நிண்ட இடத்திலயே நிண்டு என்னைக் கூப்பிடுங்கள். மிதிவெடியைப் பற்றி விளங்கப்படுத்த வந்த ஆக்கள் படம் காட்டினவை, நாடகம் போட்டவை, பிள்ளையளை எழுப்பி நடக்க வச்சு, எங்க நிக்கிறாய், இப்ப என்ன செய்வாய் எண்டு கேட்டவை. வந்த வழியாலயே திரும்பி வா எண்டு நடந்து காட்டினவை. ஒருத்தரும் "இதுக்கு மூண்டாம் விடை" எண்டு சொல்லிக் குடுக்கேல்லை, ஏனெண்டா பிழைச்சா கால் போகும், உயிர் போகும் எண்டு எல்லாருக்கும் தெரியும். அந்த மண்ணில அப்பிடிப் படிச்சுத் தப்பின பிள்ளையள்தான் இப்ப உங்களிட்ட 18, 19 வயசில வந்து வாங்கில இருக்குதுகள். எங்கட பெறாமகனும் அதில ஒருத்தன்.

அதால உங்களிட்ட நான் கேக்கிறது இவ்வளவும்தான். ரியூட்டைக் கலரில அடியுங்கோ, எல்லாப் பக்கமும் ஏலாட்டி குறியீட்டுப் பக்கம் மட்டுமாவது, அதுக்குக் காசு கூட எண்டால் எங்களிட்ட வாங்குங்கோ, தருவம். ஒரு கேள்விக்கு விடை சொல்லேக்க ஏன் அந்த விடை எண்டு ஒரு வரி சொல்லுங்கோ, அந்த விதியை மீறி எங்கட ஊரில எந்தச் சந்தியில ஆர் விழுந்தது எண்டு உங்களுக்குத்தான் கூடத் தெரியும், பேரைச் சொல்லத் தேவையில்லை, இடத்தைச் சொன்னாப் போதும். மாதிரித் தாள் செய்யவிட்டுப் பிழை விட்டவனிட்ட எத்தினை பிழை எண்டு கேக்காமல் எந்தக் கேள்வி பிழை எண்டு கேளுங்கோ. பொம்பிளையள் வகுப்பில கேள்வி கேக்கக் கூச்சப்படுவினம், அவையைத் தனிய ஒரு பத்து நிமிசம் விட்டுக் கேளுங்கோ, நானே ரெண்டு கிழமை வாய் திறக்கேல்லை. கண்ணாடி இல்லாத மோட்டசைக்கிளில வாற பெடியனை, கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு வா எண்டு திருப்பி அனுப்புங்கோ, அவன் உங்களில கோவிப்பான், தாய் உங்களைக் கும்பிடுவா. ஹெல்மெட்டைத் தலையில வச்சாப் போதாது, நாடியில பட்டியைப் பூட்டு எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுங்கோ. கூலி வேலைக்குப் போறவைக்குப் பின்னேரம் ஒரு வகுப்பு வையுங்கோ.

பாஸ் பண்ணுற ஆக்கள் குறைஞ்சிடுவினம் எண்டு பயப்பிடாதேங்கோ. விளங்கிப் படிச்சவன் கேள்வியை மாத்திக் கேட்டாலும் செய்வான். "பெரிசு" எண்டு எழுதிப் படிச்சவன், கேள்வித்தாள் செய்யிற ஆக்கள் ஒருக்கா எல்லா விடையையும் ஒரே நீளத்தில எழுதிட்டால் அவ்வளவும்தான்.

இடம் இல்லை எண்டு சொல்லுற ஆக்களுக்கு: எங்கட முன்பள்ளி பின்னேரம் ரெண்டு மணிக்குப் பிறகு சும்மாதான் கிடக்கு. தலைவரோட கதைச்சிட்டன், சனிக்கிழமையில பாவிக்கலாம் எண்டு சொன்னவர். மாமர நிழல் இருக்கு, கரும்பலகை இருக்கு, வாங்கு சின்னன், பெரியாக்கள் பாயில இருக்கலாம். முத்தத்தில சுண்ணாம்பால ஒரு நாற்சந்தியும் ஒரு ரயில் கடவையும் ஒரு மஞ்சள் கோடும் கீறி வச்சிருக்கிறன், பிள்ளையள் காலமையில அதிலதான் விளையாடுதுகள், பின்னேரம் உங்கட ஆக்களும் பாவிக்கலாம். வகுப்பெடுக்க ஒராள் வந்தாப் போதும், தேத்தண்ணி நான் போடுறன். பக்கத்து வளவு ஐயாவுக்கு வாற மாசம் சோதினைத் தேதி வந்திருக்கு, அவருக்கு இன்னும் ரயில் கேற்றையும் ரவுண்டபோட்டையும் ஆரும் நேரில காட்டேல்லை, என்ர ஸ்கூட்டியில அவரை ஏத்திக்கொண்டு அவ்வளவு தூரம் போகேலாது. பரந்தன் பக்கத்தில இருக்கிற ஆராவது ஒராள் ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனியளெண்டால் பெரிய உதவி. பஸ்ஸில பரந்தன் சந்திக்கு வந்து நிப்பார், வெள்ளைச் சாரம், கையில ஒரு தடி.

இப்படிக்கு,
விசுவமடுவில இருந்து ஒரு முன்பள்ளி ரீச்சர்